டீசல் செவப்பு, பெட்ரோல் வெள்ளை

ஜூலை 20, ஞாயிறு

முடிவாகிவிட்டது. பெரிய வண்டி வாங்கப் போகிறோம்! ஏழு பேர் உட்காரலாம், கூரையே கண்ணாடி, பக்கத்தில் போய் நின்றால் நம் வீட்டுக் கேட்டைவிட உயரம். மத்தியானம் சாப்பிடும்போது மகன் சிபிதான் ஆரம்பித்தான். "அப்பா, பழைய வண்டியக் குடுத்துட்டு அந்தப் பெருசை எடுத்துக்கலாமுங்ப்பா. நீங்களும் அம்மாவும் எங்கியாச்சும் போயிட்டு வாங்க" என்றான். அடுத்த வாய் சோறு எனக்கு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

ஆனால் இது ஆடி. ஆவணி பிறக்காமல் எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள்கூட வாங்க மாட்டார்கள். இன்னும் நாலு வாரம். அதுவரை பொறுக்க முடியாமல்தான் இந்த டைரியை எடுத்தேன். ஜனவரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொடுத்தது. இதுவரை கேஸ் சிலிண்டர் வந்த தேதிகள் மட்டும்தான் இருக்கின்றன.

பின்னால் யாராவது படித்தால் தெரியட்டும்: நான் நாச்சிமுத்து, திருச்செங்கோடு, வயது அறுபத்திரண்டு. போர்வெல் போடும் ரிக் வண்டி மூன்று இருக்கிறது. இந்தத் தேசத்தில் நான் துளை போடாத மாநிலம் நாலோ ஐந்தோதான் மிச்சம். தொழிலில் எனக்குக் காதுக்காரர் என்று பெயர். அறுநூறு அடி ஆழத்தில் சுத்தியல் அடிக்கிற சத்தத்தை வைத்தே பாறையா, வெடிப்பா, தண்ணீரா என்று மேலே நின்று சொல்லிவிடுவேன். என்னைக் கேட்காமல் எந்த டிரில்லரும் துளைக்குள் இறக்கின ராடைக் கழற்ற மாட்டான்.

அப்பேர்ப்பட்டவன் என்ன வண்டி வாங்குவான்? டீசல்தான். இதில் பேச என்ன இருக்கிறது என்று கை கழுவ எழுந்தேன். என் சம்சாரம் சம்பூர்ணம் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பெட்ரோல் வண்டியே வாங்கிக்கலாமுங்க" என்றாள்.

முப்பத்தி நாலு வருஷத்தில் இவள் ஒரு வண்டியைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

ஜூலை 21, திங்கள்

பெட்ரோலாம்!

ஜூலை 23, புதன்

சேலம் ஷோரூமிலிருந்து டீசல் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தார்கள். அஸ்லாம் என்ற பையன், முப்பது வயதிருக்கும், மரியாதையான பையன். ஆடியில் வாங்க மாட்டீர்கள், பார்க்கலாமல்லவா சார் என்று சிரித்தார்.

என்ன சொல்ல! பொத்தானை அமுக்கியதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு உறுமல் ஏறி முதுகுத்தண்டில் வந்து உட்கார்ந்தது. காலை வைத்ததும் இழுத்த இழுவை இருக்கிறதே, ரிக் லாரியையே பின்னால் கட்டி இழுக்கலாம். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சங்ககிரி ரோட்டில் விட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தானே ஐயா காசு கொடுக்கிறோம். சம்பூர்ணம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு குறை. ஒரு வேன்காரன் ஹாரனே அடிக்காமல் உரசுகிற மாதிரி தாண்டிப் போனான். பின்சீட்டில் அஸ்லாம் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிவிட்டார். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பயம் அதிகம்.

இறங்கியதும், "மாசம் எவ்வளவு கிலோமீட்டர் ஓட்டுவீங்க சார்?" என்று கேட்டார்.

"மூவாயிரம் தாண்டும்" என்றேன்.

சம்பூர்ணம் தென்னை மரத்தைப் பார்த்தாள்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. சம்பூர்ணம் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போனாள். "குக்கர்ல பருப்பு இருக்குதுங்க. மூணு விசில் வந்தா அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கையில் டீசல் வண்டியின் புத்தகம். விசில் வரவே இல்லை. அவள் திரும்பி வரும்போது வீடெல்லாம் தீய்ந்த வாடை. குக்கர் பழசாகிவிட்டது, விசிலை மாற்ற வேண்டும் என்றேன். அவள் குக்கரைப் புளி போட்டுத் தேய்த்தாள்.

மாலை கடைக்குப் போய்ப் புது விசில் வாங்கி வந்தேன். நம் பேரில் குறை இருக்கக் கூடாது.

ஜூலை 28, திங்கள்

இன்று பெட்ரோல் வண்டி. சம்பூர்ணமே அஸ்லாமுக்கு போன் போட்டு வரவழைத்திருக்கிறாள்! என்னிடம் கேட்கவும் இல்லை.

ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் அமுக்கினேன். ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை அமுக்கப் போகும்போது அஸ்லாம் தயங்கித் தயங்கி, "சார், மொதல் தடவையே ஸ்டார்ட் ஆயிருச்சு. ரெண்டாவது தடவை நீங்க ஆஃப் பண்ணிட்டீங்க" என்றார்.

"இது வண்டியா, சாமியார் மடமா?" என்று கேட்டேன். அஸ்லாம் சிரித்தார். நானும் சிரித்தேன். சம்பூர்ணம் சிரிக்கவில்லை.

நேர்மையாக எழுதிவிடுகிறேன், வண்டி நன்றாகத்தான் போனது. இழுவை டீசல் மாதிரி இல்லை, ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டால் குளத்துத் தண்ணீருக்குள் மூழ்கின மாதிரி அமைதி. அமைதி எனக்குப் பிடிக்காது. ஆனால் பாருங்கள், இன்று சம்பூர்ணம் பேசினாள்! இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. குமாரபாளையம் போய்த் திரும்புகிற வரை வாய் மூடவில்லை, நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

காலண்டர் கதை சொன்னாள். அந்தக் காலத்தில் நான் ரிக்கோடு கிளம்பினால் நாலு மாதம், ஆறு மாதம் வீட்டுக்கு வர மாட்டேன். வந்து பார்த்தால் கூடத்துக் காலண்டரில் நான் கிளம்பின தேதி அப்படியே நிற்கும், ஒரு தாள்கூடக் கிழித்திருக்க மாட்டாள். "சோம்பேறிக் கழுதை, ஒரு தாளைக் கிழிக்கக்கூட உனக்கு உடம்பு வணங்காதா" என்று ஒவ்வொரு தடவையும் திட்டுவேன். இன்று சொல்கிறாள்: "சோம்பல் இல்லீங்க. நீங்க இல்லாத நாளக் கிழிச்சுப் போட மனசு வரலைங்க. நீங்க வந்து மொத்தமாக் கிழிக்கோணும்னு வெச்சிருந்தேன்."

"இத்தன வருஷம் இத ஏன் அம்மிணி சொல்லல?" என்று கேட்டேன்.

"மூணு தடவ சொல்லிட்டேனுங்க. மூணு தடவையும் நம்ம வண்டியிலதான் சொன்னேன்" என்றாள்.

சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் எனக்குத் தெரியாதா?

ஜூலை 29, செவ்வாய்

ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். சம்பூர்ணத்துக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. நான் போட்ட போர் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவனின் பெண்டாட்டி, பவானியைத் தாண்டிப் பத்து இடம் பார்த்திருக்க மாட்டாள். ஆகவே புது வண்டி வந்ததும் நாங்கள் இருவர் மட்டும் நான் போர் போட்ட ராய்ச்சூர், நாந்தேடு வரை போகிறோம். பத்து நாள். அவ்வளவு தூரம் போக டீசல்தானே சரி? மைலேஜ் இருக்கிறது, இழுவை இருக்கிறது. சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"நெசமா கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள்.

"சத்தியமா."

"அப்ப பெட்ரோலே வாங்குங்க" என்றாள்.

இவளோடு முட்டுவதற்குச் சுவரில் முட்டலாம். காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். அவள் தங்கச்சி வீட்டில் பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறார்கள். அதுதான் காரணமாக இருக்கும்.

ஆகஸ்ட் 2, சனி

சோதனை.

பழைய டீசல் வண்டிக்கு என்ன விலை தரலாம் என்று பார்க்க அஸ்லாம் வந்தார். பெயிண்டைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தார்.

"சார், ரெண்டு வருஷத்துல ஏழாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

"மீட்டர் கேபிள் அறுந்திருக்கும்" என்றேன்.

"இதுல கேபிளே கிடையாது சார்."

சிபி உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அஸ்லாம் பொறுமையாக விளக்கினார். இப்போது வருகிற டீசல் வண்டியில் புகைக்கு ஒரு வடிகட்டி இருக்கிறதாம். அதில் கரி படியும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடினால் தானாக எரிந்து சுத்தமாகிவிடும். வீட்டிலிருந்து ஆபீசுக்கு மூன்று கிலோமீட்டர், ஆபீசிலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். "டீசலு ஓட்டம் ஓடறவங்களுக்கு சார். உங்க ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான் சரி."

உங்க ஓட்டத்துக்கு! வருஷத்துக்கு லட்சம் கிலோமீட்டர் பார்த்தவனைப் பார்த்து. அந்தப் பையன் மேல் கோபம் இல்லை. அவருக்கு என்னை இந்த இரண்டு வாரமாகத்தான் தெரியும்.

இரண்டு வருஷமாக நான் சைட்டுக்குப் போவதில்லை என்பது உண்மைதான். தூசி ஒத்துக்கொள்ளவில்லை. சிபி பார்த்துக்கொள்கிறான். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலிங் பெல்லுக்கு மறுபடி பேட்டரி மாற்றினேன். ஒரு மாதத்தில் இது மூன்றாவது. கூரியர்காரர் வாசலில் கால் மணி நேரம் நின்றாராம். பேட்டரியெல்லாம் இப்போது ஒரு வாரம்கூட வருவதில்லை.

சாப்பாட்டில் மறுபடி பேச்சு. நான் டீசல், அவள் பெட்ரோல், சிபி மோர் ஊற்றிக்கொண்டு நடுவில். கடைசியில் நானே சொன்னேன்: "நாம ரெண்டு பேருஞ் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழம காட்டு மாரியம்மன்கிட்டப் பூக் கேட்டறலாம்."

எங்கள் பக்கம் கல்யாணம், வீடு, நிலம் எதுவானாலும் அம்மனிடம் பூக் கேட்காமல் செய்ய மாட்டோம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வது. எது வருகிறதோ அதுதான் உத்தரவு. அதற்கு மேல் பேச்சில்லை.

"வண்டி இஞ்சினுக்கெல்லாமாப்பா பூக் கேப்பாங்க?" என்று சிபி சிரித்தான்.

"போர் போடற எடத்துக்கே கேட்டவன் நான்" என்றேன்.

டீசலுக்குச் செவ்வரளி, பெட்ரோலுக்கு வெள்ளை அரளி. நான்தான் மடிப்பேன் என்றேன். சம்பூர்ணம் உடனே சரி என்றாள். இவ்வளவு சீக்கிரம் சரி என்றது கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் சந்தோஷம் தாங்கவில்லை. டீசல் வந்த மாதிரிதான்!

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் குளித்து, சாமி அறையில் உட்கார்ந்து, பேப்பரைச் சதுரமாகக் கிழித்துப் பொட்டலம் இரண்டையும் என் கையால் மடித்தேன். சம்பூர்ணம் தேங்காய் பழக் கூடையில் வைத்து எடுத்து வந்தாள். எப்போதும் ஒரு பெண் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். இன்று குழந்தைகள் யாரும் இல்லாததால் பூசாரியே எடுத்தார். கற்பூரம் காட்டி, கண்ணை மூடி, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

நான் பூசாரியைப் பார்த்தேன், அம்மனைப் பார்த்தேன். வெள்ளை வர வழியே இல்லை. வரவே முடியாது. ஏன் என்றால், எழுதிவிடுகிறேன், போகட்டும், இரண்டு பொட்டலத்திலும் நான் செவ்வரளிதான் வைத்திருந்தேன்.

யாரிடம் போய்ச் சொல்வது? திருநீறு வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். வண்டியை எடுத்து ஒரு கிலோமீட்டர் வந்திருக்க மாட்டேன், சம்பூர்ணம் கையைக் காட்டி இளநீர்க் கடையில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். அவளே சாவியைத் திருகி இஞ்சினை அணைத்தாள். மடியிலிருந்த பையைத் திறந்து பொட்டலங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து என் தொடை மேல் வைத்தாள். நான் மடித்த பேப்பர். செவப்பு. இன்னொன்று. அதுவும் செவப்பு.

"பூசாரி எடுக்காம உட்டாருங்களே, அதும் வெள்ளதான். நான் மாத்தி வெச்சேன்" என்றாள்.

பிறகு வேறு சில வார்த்தைகள் சொன்னாள். அவற்றை இன்று எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

இளநீர் குடிக்காமலே வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். டைரியிடம்கூடப் பொய் சொன்னால் அப்புறம் எதற்கு டைரி.

அவள் சொன்னது இதுதான்: "இந்த வண்டி ஓடறப்ப நான் பேசறது உங்களுக்கு எட்டறதில்லீங்க. மூணு வருஷமாச்சு. அன்னைக்கு டீசல் வண்டியிலயும் மூணு தடவ கூப்புட்டேன், திரும்பலை. பின்னால வேன்காரன் ஹாரன அடிச்சுட்டே வந்தான், அதும் உங்களுக்குத் தெரியலை. அந்தப் பையன் உசுரக் கையில புடிச்சுட்டு உக்காந்திருந்தான். குக்கருக்கு ஒண்ணுமில்லீங்க. பெல்லுக்கும் ஒண்ணுமில்லீங்க."

நான் தொடை மேல் இருந்த பொட்டலங்களைத் திரும்ப மடித்தேன்.

"பெட்ரோல் வண்டியில நாஞ் சொன்ன காலண்டர் கத உங்களுக்குக் கேட்டுச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். டீசலு வாங்கினா இன்னும் பத்து வருஷம் நான் சன்னலப் பாத்துட்டே வரோணும். அம்மன் கோவிச்சுக்கிட்டாலும் பரவால்லைங்க" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். தூசியெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ராய்ச்சூரில் எழுநூறு அடியில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பாறைதான், தண்ணி வராது, ராடக் கழட்டுங்க" என்றேன். டிரில்லர் என்னைப் பார்க்கவில்லை, சிபியைப் பார்த்தான். சிபி மெதுவாக, "இன்னும் ஒரு ராடு போட்டுப் பாக்கலாமுங்ப்பா" என்றான். இருபது அடி போனதும் தண்ணீர் பனைமர உயரத்துக்கு அடித்தது. ஆட்கள் எல்லாம் நனைந்துகொண்டு கூத்தாடினார்கள். வெடிப்பு விழுந்த சத்தம் அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் தொழிலில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். கம்ப்ரசர் பக்கத்தில் நின்று குசுகுசு என்று பேச முடியுமா? அதனால் எவனுக்குக் காது போயிற்று, எவனுக்குப் போகவில்லை என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் இருக்கிற வரை நான் காதுக்காரன்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஈரோட்டில் காது ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே சோதனை செய்கிற பெண் எப்போது பொத்தானை அமுக்குகிறாள் என்று விரலைப் பார்த்துப் பார்த்துத் தூக்கினேன். நாலைந்து தடவை சரியாக நடந்தது. அப்புறம் அவள் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்கு எல்லாரும் விவரமாகத்தான் இருக்கிறார்கள்.

டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். தாளின் இடது பக்கம் நேராக வந்து, வலது பக்கம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. "கனமான அடிச் சத்தம் உங்களுக்கு நல்லாக் கேக்குது ஐயா. மேல் சத்தந்தான் போயிருச்சு. விசில், பெல், பொம்பளைங்க குரல், அதெல்லாம்" என்றார். எத்தனை வருஷம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றீர்கள் என்று கேட்டார். முப்பத்தி மூன்று என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டீசல் இஞ்சின் சத்தம் எனக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்று. எனக்கு முழுசாகக் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான் மிச்சம். அதை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சம்பூர்ணத்திடம் இதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் பார்க்க, இந்த வயதில்! எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எழுந்து போகவும் தோன்றவில்லை.

காது மிஷினுக்கு அளவு கொடுத்திருக்கிறோம். வர மூன்று வாரம் ஆகுமாம். அது வந்தாலும் ஒரு வாரம் பக்கத்து ஊர் வரைக்கும் ஓட்டிப் பழக வேண்டும், மிஷின் காதில் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே சம்பூர்ணம் சொல்லிவிட்டாள். அதுவரை சிபிதான் ஓட்டுகிறான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்தது. முதல் ஆளாகப் போய் முன்பணம் கட்டினோம். பெட்ரோல்! நானே சொன்னேன், என் வாயால். அஸ்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், நெஜமாவா?" என்றார்.

"அம்மன் உத்தரவு தம்பி" என்றேன். சம்பூர்ணம் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

நிறம் என்ன என்று கேட்டார். வெள்ளைதான் எல்லாரும் எடுக்கிறார்கள், விற்கும்போது விலை போகும் என்றார். சம்பூர்ணம் என்னைப் பார்த்து, "அது உங்க இஷ்டமுங்க" என்றாள்.

செவப்பு எடுத்துவிட்டேன். செவ்வரளிச் செவப்பு!

ஆகஸ்ட் 30, சனி

இஞ்சின் சோதனை, கப்பல் கன்டெய்னர், பதிவு எண் என்று அஸ்லாம் தினமும் ஒரு சாக்குச் சொல்கிறார். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் இப்படித் தவித்ததில்லை. இதைச் சம்பூர்ணத்திடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று ஒரே நாளில் இரண்டு. காலையில் காதுக்கு மிஷின், மாலையில் வாசலுக்கு வண்டி!

மிஷினை மாட்டியதும் உலகம் இவ்வளவு சத்தமானதா என்று பயந்துவிட்டேன். பேப்பரைத் திருப்பினால் தகரத்தை உருட்டுகிற மாதிரி இருக்கிறது. என் வேட்டி சரசரக்கிறது. சிபி அப்பளம் கடித்தபோது திரும்பிப் பார்த்தேன். கொல்லையில் ஏதோ குருவி, இத்தனை நாள் இங்கேயேதான் இருந்ததாம்.

வண்டியை வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, சிபியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, முன்னால் நான், பக்கத்தில் சம்பூர்ணம். அஸ்லாமும் வந்திருந்தார், அவரையும் ஏற்றிக்கொண்டேன். பொத்தானை ஒரே ஒரு தடவைதான் அமுக்கினேன். தெரு முனையில் வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டேன்.

டிக். டிக். டிக். டிக்.

அழகாக, அளவாக, கடிகாரம் மாதிரி. வண்டியை அப்படியே ஓரமாக நிறுத்திவிட்டேன். "பாத்தியா அம்மிணி, என்னமா யோசிச்சிருக்கான்! திரும்பி முடிச்சதும் அணைக்க மறந்துறக் கூடாதுன்னு சத்தம் வெச்சிருக்கான் பாரு. பெரிய வண்டின்னா பெரிய வண்டிதான். தம்பி, இது டீசல்லயும் உண்டா, பெட்ரோலுக்கு மட்டுமா?"

அஸ்லாம் சம்பூர்ணத்தைப் பார்த்தார். பின்னால் சிபி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நம்ம பழைய வண்டியிலயும் இருந்துச்சுங்க. அதுக்கு முந்துன வண்டியிலயும் இருந்துச்சுங்க" என்றாள் சம்பூர்ணம், மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது.

அணைக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே ஓட விட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடித்தான். அதுவும் கேட்டது!

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒரு வாரமாகத் தினமும் ஓட்டிப் பழகிவிட்டேன். நேற்று பங்கில் பழக்க தோஷத்தில் "டீசல் ரொப்பும்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நல்ல வேளை, பங்க் பெண் மூடியைப் பார்த்துவிட்டாள். சிபி வீட்டுக்கு வந்ததும் மூடியில் கொட்டை எழுத்தில் பெட்ரோல் என்று ஒட்டிவிட்டான். மானம் போகிறது, போகட்டும்.

இப்போது கிளம்புகிறோம். முதலில் ராய்ச்சூர். எழுநூற்று இருபது அடி, தண்ணீர் இன்னும் நிற்காமல் வருகிறதாம். அது நான் வேண்டாம் என்று சொன்ன போர் என்பதைப் போகும் வழியில் சம்பூர்ணத்திடம் சொல்லப் போகிறேன். அவளுக்குச் சிபி ஏற்கெனவே சொல்லியிருப்பான். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

பெட்டி ஏற்றியாகிவிட்டது, தண்ணீர்க் கேன் ஏற்றியாகிவிட்டது. முறுக்கு டப்பா மூன்று. நான் வண்டியை ஓடவிட்டு ஸ்டியரிங் மேல் டைரியை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டைப் பூட்டப் போனவள் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்து, "ஏனுங்க, காலண்டர என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள்.

"நீதான் கூட வர்றியே. பத்து நாளையும் கிழிச்சுப் போட்டுட்டு வா" என்றேன்.

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தும் கிழிகிற சத்தம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேட்டது. இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.